நாற்பத்திரண்டு சைஸ் துணை

பால்துரை ஒரு முடிவுக்கு வந்தார். தன் மனைவி ஞானபூரணியைத் தீவிரவாதிகளிடமிருந்து காப்பாற்றியே தீருவது.

தீவிரவாதிகள் யாரும் விருதுநகர் பக்கம் வந்துவிடவில்லை. ஞானபூரணியை அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களே ஒதுங்கிப் போயிருப்பார்கள் என்பது பால்துரையின் சொந்த அபிப்பிராயம். அதை அவர் வீட்டுக்குள் வைத்துச் சொன்னதில்லை.

சங்கதி இதுதான். லண்டனில் நர்ஸாக இருக்கும் மகள் ஜாஸ்பினுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. 'அப்பாவும் அம்மாவும் கட்டாயம் வரணும்' என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். எப்படியும் விசா கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் பால்துரை சென்னை வரை போய் விரல் ரேகை வைத்துவிட்டு வந்தார். கிடைத்துத் தொலைத்துவிட்டது.

பால்துரை சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். போகப் பிடிக்காத இடத்துக்கெல்லாம் அவர் கைவசம் ஒரு பதில் உண்டு. சீசன். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசமா, சீசன். ஜாஸ்பினுக்கு ஞானஸ்நானமா, சீசன். அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினாளா, அன்றைக்கும் சீசன். மகள் அப்பாவை அறிந்தவள். தீபாவளி முடிந்து கம்பெனிக்குப் பூட்டுப் போட்ட பிறகு வருகிற மாதிரி நாள் குறித்துவிட்டாள். சீசனும் கைவிட்ட நிலையில் பால்துரைக்குப் புதிதாக ஒரு காரணம் தேவைப்பட்டது.

உண்மையான காரணத்தை வெளியே சொல்ல முடியாது. பால்துரைக்கு விமானம் என்றால் பயம். ஒரு பொறி விழுந்தால் நாலு ஊருக்குக் கேட்கிற இடத்தில் முப்பது வருஷமாகப் பதறாமல் நடமாடுகிற மனிதர். 'பால்துரை அண்ணாச்சியா, நெஞ்சழுத்தக்காரருல்ல' என்று கம்பெனியில் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, அந்தரத்தில் பறக்கிற ஒரு பஸ்ஸைப் பார்த்து வயிறு கலங்குகிறது என்று யாரிடம் சொல்வது? ஆகவே தீவிரவாதம். செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். பூரணியின் மனதில் பயத்தை விதைத்தால், 'நாம போக வேணாங்க' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்தே வரும் என்பது திட்டம்.

"பூரணி, இங்கன வந்து உக்காரு."

"குழம்பு அடுப்புல இருக்கு."

"உயிரு முக்கியமா, குழம்பு முக்கியமா?"

"என்ன குழம்புன்னு தெரியாமப் பேசாதீக. கருவாட்டுக் குழம்பு."

பால்துரை சற்று யோசித்தார். கருவாடு என்றால் காத்திருக்கலாம்தான். குழம்பு இறங்கிய பிறகு வகுப்பு ஆரம்பமானது.

"வெளிநாட்டுல எந்தக் கடைக்குப் போனாலும் சன்னல் ஓரமா உக்காரக் கூடாது."

"எதுக்கு? வெடிச்சா கண்ணாடி தெறிக்கும்னா?"

"ஆமா. உள்ள தள்ளி உக்காரணும். வெளியே போற வழி எங்கனன்னு மொதல்லயே பாத்து வச்சுக்கிறணும்."

"அடுப்படிப் பக்கமா உக்காரலாமா? அதுக்குப் பின்வாசல் இருக்கும்ல."

"அதுவும் நல்ல யோசனைதான்."

"அப்ப லண்டன் போயும் எனக்கு அடுப்படிதான்."

பால்துரை அதைக் காதில் வாங்காத மாதிரி மேலே போனார். "ஏதாச்சும் நடந்துச்சுன்னா மொதல்ல ஓடணும். ஓட முடியலையா, ஒளியணும். பத்திரமான எடத்துக்குப் போன பெறகு போலீசுக்குச் சொல்லணும். லண்டன் போலீஸே இப்படித்தான் சொல்லுது."

"உங்களுக்கு மூட்டு வலியாச்சே. ஓட முடியாதே."

"ஒளிஞ்சுக்கிருவேன்."

"இந்த உடம்பை எங்கன ஒளிப்பீக?"

"அதை நான் பாத்துக்கிறேன். நீ அடுத்ததைக் கேளு. எப்பப் போறோம், எந்த வழியாப் போறோம், கூட யாரு வாரா, இதெல்லாம் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"சொந்தக்காரங்ககிட்டக் கூடவா?"

"அவுககிட்டத்தான் முக்கியமாச் சொல்லக் கூடாது."

இந்த வார்த்தையைச் சொன்னபோது பால்துரைக்கு நாக்கில் எந்தக் கசப்பும் தெரியவில்லை. கசப்பெல்லாம் பிறகுதான் வந்தது.

ஞானபூரணி பயப்படுவாள் என்றுதானே எதிர்பார்த்தார்? அவள் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். ரத்தம், கூச்சல், கூட்டம் எல்லாம் அவளுக்குப் பழகிய சமாச்சாரம். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி ஆர்வமாகக் கேட்டாள். மறுநாள் அவளே வந்து, "பூமிக்கடியில ஓடுதாமே ரயிலு, அதுல எந்தப் பெட்டியில ஏறுனா வெளியே வர சுளுவு?" என்றாள். அதற்கடுத்த நாள், "தொடையில காயம்னா எங்கன கட்டணும்னு எனக்குத் தெரியும். ஒளிஞ்சிருக்கிற எடத்துல போனை எப்படிச் சத்தமில்லாமப் பண்றது? அதைச் சொல்லுங்க" என்றாள். மனுஷி பயப்படுகிறாளா, கிளம்புகிறாளா என்றே பால்துரைக்கு விளங்கவில்லை.

சொல்லிக் கொடுத்தால் போதாது, நேரில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். காரியாபட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக ஞானபூரணி கிளம்பியபோது, தானும் கூடவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்.

"வெளிநாட்டுல ஆபத்து எங்கன இருக்கும்னு நெனைக்கே? கேட்பாரில்லாத பையில இருக்கும்."

ஞானபூரணி சுற்றிலும் பார்த்தாள். எல்லாமே கேட்பாரில்லாத பைகள்தான். நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் சன்னல் வழியாக வீசப்பட்டு, சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்த பைகள். துண்டுகள். ஒரு சீட்டில் முருங்கைக்காய்க் கட்டு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இதுல எதைச் சந்தேகப்படணும்?"

"அதுக்குக் கண்ணு வேணும். அந்தா பாரு, டீக்கடைப் பெஞ்சுல. சாம்பல் நிறத்துல ஒரு பை. பக்கத்துல ஆளே இல்லை. பை மேல என்னமோ மினுமினுங்குது பாத்தியா? இதைத்தான் சொல்றது."

"ஆமாங்க. மினுமினுங்குது."

"கிட்டப் போகக் கூடாது. தொடக் கூடாது. தள்ளி நின்னு நாலு பேருக்கு எச்சரிக்கை பண்ணணும்."

அவர் எச்சரித்தது நாற்பது பேருக்குக் கேட்டது. டீக்கடைக்காரர் கிளாஸைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் சீட்டை விட்டு இறங்கினார்கள். போலீஸ்காரர் விக்னேஷ்குமார் லத்தியை ஊன்றிக்கொண்டு வந்து, "யாரோட பைய்யா இது?" என்று மூன்று தரம் கேட்டார். பதில் இல்லை. கடைசியில் அவரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போய், பையில் அச்சடித்திருந்ததைப் படித்தார். அது பால்துரை வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர். தீபாவளிக்கு ஸ்டாப்புகளுக்குக் கொடுத்த பை. உள்ளே ஒரு தூக்குவாளி, ஒரு துண்டு, பால்துரையின் மூக்குக் கண்ணாடி. சற்று முன் டீ குடிக்க உட்கார்ந்தபோது அவரே அதை அங்கே வைத்திருந்தார்.

"எங்க வீட்டுப் பைதான் சார்" என்று ஞானபூரணி முன்னால் வந்தாள்.

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?" என்று பால்துரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"தெரியும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"தள்ளி நிக்கச் சொன்னீகளே."

விக்னேஷ்குமார் தன் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். வெள்ளி மாதிரி அலுமினியப் பொடி அப்பியிருந்தது. "என்ன அண்ணாச்சி, பை பூராம் வெடிமருந்தால்ல இருக்கு. இதைத் தூக்கிட்டு ஏர்போர்ட்டுப் பக்கம் போயிறாதீக" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. ஞானபூரணி மட்டும் சிரிக்கவில்லை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் புருஷனின் சட்டைக் காலரைப் பார்த்தாள், வாட்ச் பட்டையைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். என்ன பார்க்கிறாள் என்று பால்துரைக்குப் புரியவில்லை.

அன்று சாயங்காலம் காரியாபட்டியிலிருந்து திரும்பியதுமே ஞானபூரணி சொன்னாள். "நீங்க சொல்றது எல்லாம் சரிதாங்க. வெளிநாடு ரொம்ப ஆபத்து. நீங்க வர வேணாம்."

பால்துரைக்கு நெஞ்சுக்குள் ஒரு புஸ்வாணம் பூத்தது. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டார். "ஜாஸ்பின் வருத்தப்படுவாளே."

"எதுக்கு வருத்தப்படுறா? நான் போறேன்ல."

புஸ்வாணம் பாதியில் நின்றது. "தனியாவா?"

"துணைக்கு ஆள் இருக்கு."

"யாரு?"

"அதை யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதே."

"ஏ, நான் ஒன் புருஷன்."

"சொந்தக்காரங்ககிட்டத்தான் முக்கியமாச் சொல்லக் கூடாதுன்னீக" என்று சொல்லிவிட்டு ஞானபூரணி துணி மடிக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பால்துரையின் நிம்மதி போனது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, விமானம் ஏற வேண்டாம். ஆனால் யார் அந்த ஆள்? சோறு உள்ளே இறங்கவில்லை. 'யாராயிருக்கும்' என்ற கேள்வி பல் இடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டிலும் விசித்திரங்கள் நடந்தன. ஞானபூரணி வீட்டை ஒட்டடையடித்துக் கழுவினாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். கம்பெனிப் பூட்டைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பியவரை, "இப்ப அங்கன போக வேணாம்" என்று தடுத்தாள். அவருடைய பழைய சட்டைகளை ஒவ்வொன்றாகக் காணவில்லை. வரப் போகிற பெரிய மனுஷருக்கு வீட்டைத் தயார் பண்ணுகிறாளோ என்று பால்துரைக்குப் பட்டது.

பக்கத்து வீட்டு அருணாதேவிக்கும் ஞானபூரணிக்கும் ஒட்டுறவு அதிகம். அருணாதேவியின் புருஷன் சிவபாண்டிக்கு மல்லாங்கிணறு பக்கம் நிலம். வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பார். ஒரு நாள் ஞானபூரணி வெளியே போயிருந்த சமயம், பால்துரை ஒரு காலிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தார்.

"இந்தாம்மா, உங்க கிண்ணம்."

"எங்க கிண்ணம் இல்லையே அண்ணாச்சி."

"அப்படியா. நல்லாப் பாரு."

அருணாதேவி கிண்ணத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே குக்கர் விசிலடித்தது. அவள் போனாள். பால்துரையின் கண்கள் அறையைச் சுற்றின. கட்டில் மேல் ஒரு புத்தம் புதிய சூட்கேஸ். அதன் கைப்பிடியில் ஞானபூரணியின் பழைய சேலைக் கரையில் கிழித்த அடையாள நாடா. மூடி லேசாகத் திறந்திருந்தது. மிச்சத்தை அவர் திறந்தார்.

உள்ளே ஆண்பிள்ளைச் சட்டைகள். நீலக் கட்டம் போட்டது, பழுப்பு, கோடு போட்டது. ஒரு ஸ்வெட்டர். கம்பளிக் குல்லா. புது பேன்ட், பெல்ட், பனியன்கள், ஒரு ஜோடி ஷூ. பால்துரை நீலக் கட்டச் சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பினார். நாற்பத்திரண்டு.

நாற்பத்திரண்டு என்றால் ஆள் பெரிய ஆள்தான். தொப்பை இருக்கும். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஏனென்றால் பால்துரைக்குத் தன் சைஸே தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சட்டை எடுப்பது ஞானபூரணி. மாட்டிக்கொள்வது மட்டும்தான் அவர் பொறுப்பு. கழுத்துப் பட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்த்த ஆண்பிள்ளை அந்தத் தெருவிலேயே கிடையாது.

"அண்ணாச்சி, அதைத் தொடாதீக." அருணாதேவி ஓடி வந்து மூடியைச் சாத்தினாள். "கை கழுவாம யாரையும் கிட்ட விடக் கூடாதுன்னு அக்கா சொல்லிருக்காக."

"யாரோடதும்மா இது?"

"லண்டன் போற ஆளோடது."

"அந்த ஆளு யாரு?"

"அது அக்காவுக்குத்தான் தெரியும்."

கை கழுவாமல் தொடக் கூடாத அளவுக்குப் பெரிய மனுஷன் யார்? முதலில் சகலை சாம்சுந்தர்மேல் சந்தேகம் விழுந்தது. ஞானபூரணியின் தங்கை புருஷன். காரியாபட்டியில் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். ஒரு தரம் சிங்கப்பூர் போய்விட்டு வந்ததை வைத்துப் பத்து வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பவர். ஆனால் அவர் ஒட்டடைக்குச்சி. நாற்பத்திரண்டுக்குள் இரண்டு சாம்சுந்தரைப் போடலாம். இருந்தாலும் போன் போட்டுப் பார்த்தார்.

"பூரணி கூட லண்டனுக்கு யாரு போறா சகலை?"

"எனக்கும் பேரு சொல்லலை சகலை. நல்ல தைரியசாலின்னு மட்டும் கேள்விப்பட்டேன். எந்த ஆபத்துக்கும் அசர மாட்டாராம். ஒங்களுக்கும் நல்லதுதானே, நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

சாம்சுந்தர் சிரிப்பை அடக்குவது போலிருந்தது. பால்துரைக்கு அந்தத் தைரியசாலியை அப்போதே பிடிக்காமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பிரசங்கத்தைக் கேட்கவில்லை. முன் வரிசைக் கழுத்துகளையே கவனித்துக்கொண்டிருந்தார். பருப்பு மண்டி வெள்ளைத்துரைக்குத் தொப்பையும் உண்டு, எதற்கும் அசராத சுபாவமும் உண்டு. எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தபோது, பால்துரை மெதுவாகக் குனிந்து வெள்ளைத்துரையின் காலரைப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பூச்சியா?" என்று வெள்ளைத்துரை கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இல்லை. சட்டை என்ன சைஸு?"

"நாப்பத்தி நாலு."

"சரி, ஜெபம் பண்ணுங்க."

அன்று மத்தியானம் ஜாஸ்பின் வீடியோவில் வந்தாள். மடியில் பேத்தி. பால்துரை "ஏ குட்டி" என்று கூப்பிட்டார். குழந்தை குரல் வந்த பக்கம் திரும்பி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. யார் கூப்பிட்டாலும் சிரிக்காதாம், தாத்தா குரலுக்குத்தான் சிரிக்கிறது என்று ஜாஸ்பின் சொன்னாள். இந்தக் குழந்தையை முதன்முதலாகத் தூக்கப் போவது ஒரு நீலக் கட்டச் சட்டைக்காரன். நாற்பத்திரண்டு சைஸில் ஒரு தடியன். குழந்தை அவன் குரலுக்குப் பழகி, அவனைப் பார்த்துச் சிரிக்கும். நினைக்க நினைக்க அவருக்குத் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போனார்.

"பூரணி, நானே வாரேன்."

"எங்க?"

"லண்டனுக்குத்தான். அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிரு."

ஞானபூரணி வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "வேணாங்க, ஆபத்து" என்றாள்.

"என்ன ஆபத்து? கோடிக்கணக்கான சனம் அங்கன இல்லையா? எல்லாரும் கடைக்குப் போறான், ரயில்ல போறான். நம்ம நாலு வழிச் சாலையைத் தாண்டுறதை விடவா?"

"கூட்டத்துல நிக்கக் கூடாதுன்னீக."

"கூட்டம்னா பாதுகாப்பும் இருக்கும்ல. போலீஸ் நிக்கான், கேமரா இருக்கு. கொஞ்சம் கவனமா இருந்தாப் போதும். வீடியோக்காரன் நாலு பேரு பாக்கணும்னு பெருசு பண்ணிச் சொல்றான். எதையும் நம்பிறக் கூடாது."

"ஓடணும், ஒளியணும்னீக. உங்க மூட்டு வலி?"

"மூட்டு வலிக்குத் தைலம் இருக்கு."

தான் கட்டிய கோட்டையைத் தானே கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. என்ன செய்வது, பேத்தி உள்ளே இருக்கிறாளே. ஞானபூரணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாஞ் சரி. பிளேனு?"

பால்துரை சுவரைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு சன்னமான குரலில், "அதுக்குத்தான் பூரணி பயம்" என்றார். "மத்ததெல்லாம் சும்மா சொன்னது. அது மேல ஏறும்போது வயித்துல என்னமோ பண்ணும்னு சொல்றாக. கீழ ஒண்ணுமே இல்லாம எப்படி உக்காந்திருக்கது? வெளியே சொல்லிறாதே."

ஞானபூரணி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "எனக்கும் ஏறிப் பழக்கமில்லைங்க. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிருவோம். ஆனா நான் சொல்ற மாதிரி கேக்கணும். இன்னையிலருந்து கம்பெனிப் பக்கம் போகக் கூடாது. பைக்கைத் தொடக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டி, சீயக்காய் போட்டு தெனமும் குளிக்கணும். இங்க இருந்து ஒரு துரும்பு கூட எடுத்துக்கிறக் கூடாது. நான் குடுக்கிற துணியைத்தான் போடணும்."

எதற்கு என்று கேட்காமல் பால்துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிளம்புகிற அன்று காலையில் அவரைக் குளிக்க வைத்து, துண்டோடு அருணாதேவி வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சூட்கேஸைத் திறந்து நீலக் கட்டச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது அந்த ஆளோடதுல்ல?"

"போட்டுப் பாருங்க."

போட்டார். தோள் சரியாக நின்றது. தொப்பைக்கு மேல் பொத்தான் இறுக்கமில்லாமல் ஏறியது. அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அருணாதேவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பால்துரைக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப அந்தத் தைரியசாலி..."

"வேற யாரு? பஸ் ஸ்டாண்டுல போலீஸ்காரர் சொன்னப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. ஜாஸ்பின்கிட்டக் கேட்டேன். ஏர்போர்ட்டுல கையையும் பையையும் ஒரு துணியால துடைச்சு மிசின்ல வைப்பாகளாம். மருந்து ஒட்டியிருந்தா மிசினு கத்துமாம். உங்க சட்டை, பெல்ட்டு, வாட்சு, அலமாரி, எல்லாத்துலயும் முப்பது வருசத்து மருந்து. தீவிரவாதியைப் பிடிக்கிற மிசினு மொதல்ல உங்களைத்தான் பிடிக்கும். அதான் புதுசா எடுத்து, மருந்து வாடையே இல்லாத வீட்ல வச்சேன்."

"டிக்கெட்டு?"

"அது தீபாவளிக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் போட்டாச்சு. 'வாங்க'ன்னா வர மாட்டீக. அதான் 'வராதீக'ன்னேன்."

பால்துரைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தைரியசாலி என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாளே என்ற சந்தோஷத்தில் அது வரவில்லை.

மதுரை விமான நிலைய வாசலிலேயே ஞானபூரணி அவர் செல்போனை வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பட்டாசு வியாபாரி யாராவது கூப்பிட்டு, இவரும் வாய் நிறைய அணுகுண்டு, சரவெடி என்று கத்திப் பேசினால் என்ன ஆகும்? உள்ளே, சீருடை அணிந்த ஒரு பெண் பால்துரையை நிறுத்தினாள். குச்சியில் மாட்டிய சின்னத் துணிப் பட்டையால் அவர் உள்ளங்கையைத் துடைத்தாள். பெல்ட்டை, ஷூவை, கைப்பையைத் துடைத்தாள். துணியை மிஷினில் வைத்தாள். பால்துரை மூச்சை நிறுத்திக்கொண்டார். முப்பது வருஷத்தில் எந்த மருந்து அறையிலும் அவர் அப்படி நின்றதில்லை. மிஷின் யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"போகலாம் சார்."

பால்துரை திரும்பி மனைவியைப் பார்த்தார். இவள் இல்லாவிட்டால் இந்நேரம் எந்த அறையில் உட்கார்ந்து யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம் என்று நினைத்தபோது, அவள் மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. விமானம் மேலே ஏறியபோது அவள் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது.

லண்டனில் மாப்பிள்ளை ஜெப்ரின் வந்து அழைத்துப் போனார். கதவைத் திறந்ததும் ஜாஸ்பின் குழந்தையை அப்பாவின் கையில்தான் கொடுத்தாள். "ஏ குட்டி" என்றார். அது நிமிர்ந்து பார்த்தது. சிரித்தது. பால்துரை அழுதுவிட்டார். தீவிரவாதமாவது, விமானமாவது. இந்த மூஞ்சிக்காக நடந்தே வந்திருக்கலாம் என்று தோன்றியது.

குழந்தையோடு சோபாவில் சாய்ந்தவர், ஞானபூரணி தன்னுடைய சின்னப் பையை மட்டும் திறந்து இரண்டு சேலைகளை எடுத்து வைப்பதைக் கவனித்தார்.

"உன் துணி அம்புட்டுதானா?"

"ரெண்டு வாரத்துக்கு இது போதும்."

"ரெண்டு வாரமா? விசா ஆறு மாசத்துக்குல்ல குடுத்திருக்கான்?"

"நீங்க ஆறு மாசம். எனக்குத் திரும்புற டிக்கெட்டு இருக்கு. ஜாஸ்பின் அடுத்த வாரம் டூட்டிக்குப் போறா. மாப்பிள்ளைக்கும் ஷிப்டு. பிள்ளையைப் பாத்துக்கிற ஒரு ஆள் வேணும்னு கேட்டா. ஜாஸ்பினு பிறந்தப்ப நைட் டூட்டியும் பாத்துக்கிட்டு அவளையும் நான்தான் வளத்தேன். அப்ப உங்களுக்குச் சீசன். இப்ப உங்களுக்குச் சீசன் இல்லைல."

அதில் மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஜாஸ்பின் சிரித்துக்கொண்டே வந்து அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டாள். குழந்தை அதற்குள் அவசரமாக நீலக் கட்டச் சட்டையை நனைத்திருந்தது.

"ஆள் வேணும்னா என்னை மட்டும் அனுப்ப வேண்டியதுதானே?" என்றார் பால்துரை ஈனசுரத்தில். "இம்புட்டுச் செலவழிச்சு நீ எதுக்கு வந்தே?"

"தனியா ஏத்திவிட்டா பயந்துருவீகளே. அதான் கொண்டாந்து விட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."